வாய்க்காலுக்கு ஒரு பல் டாக்டர்

அந்தத் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பல் டாக்டர் வீடு எது என்று. முனைக்கடைக்காரர் கையில் இருக்கும் தராசைக் கீழே வைக்காமலேயே தாடையால் காட்டுவார். பச்சைக் கதவு போட்ட வீடு, வாசலில் ஒரு பழைய சைக்கிள். ஆனால் பல்வலியோடு போனீர்கள் என்றால் ஏமாந்துபோவீர்கள். டாக்டர் வீட்டில் ஊசி கிடையாது, மருந்து கிடையாது, சாய்ந்து உட்காரும் நாற்காலிகூடக் கிடையாது. டாக்டரின் மனைவி ஒரு டம்ளர் வெந்நீரில் உப்பைப் போட்டுக் கொடுத்து, "வாய் கொப்பளிச்சுட்டு நேரா மெயின் ரோட்டுக்குப் போங்க, அங்கதான் நிஜ டாக்டர் இருக்கார்" என்று அனுப்பிவைப்பாள். அப்படி அனுப்பி அனுப்பி அவளுக்கே அலுத்துவிட்டது. போதாக்குறைக்குத் தெருவே அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

நம்ம ஆள் பல் பார்ப்பது மனிதர்களுக்கு இல்லை, வாய்க்காலுக்கு.

ஊருக்கு வெளியே ஆற்றிலிருந்து பிரிந்து வரும் ஒரு வாய்க்கால் நீரேற்று நிலையத்துக்குள் நுழைகிறது. ஊர் குடிக்கிற தண்ணீர் முழுக்க அந்த வழியாகத்தான் வர வேண்டும். பம்புகள் இருக்கும் கட்டடத்துக்கு முன்னால், வாய்க்காலுக்குக் குறுக்கே, மேலிருந்து அடிவரை இரும்புப் பட்டைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர் இடுக்கில் புகுந்து போய்விடும். செடி, கிளை, பாட்டில், பை எல்லாம் பட்டையில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அலுவலகக் காகிதங்களில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் பல். வாய்க்காலுக்கு வாய் இருக்கும்போது பல் இருக்கக் கூடாதா? பல் இருந்தால் தேய்க்க வேண்டாமா? சங்கிலியில் இறங்கி ஏறி, பட்டைகளில் சிக்கியதையெல்லாம் வாரிக்கொண்டு வரும் இயந்திரத்துக்குப் பெயர் பிரஷ். பல்லைத் தாண்டினால் அகலமான ஒரு தொட்டி. அங்கே வந்ததும் தண்ணீர் அவசரத்தை விட்டுவிட்டு நிதானமாகிவிடும். அது சுமந்து வந்த மணலும் வண்டலும் அடியில் படிந்துவிடும். அதன் பெயர் கொப்பளிக்கிற தொட்டி. படிந்ததைச் சுரண்டி ஒரு மூலைக்குத் தள்ள ஒரு சுரண்டி, அதை உறிஞ்சி வெளியே கொட்ட ஒரு சின்ன பம்பு. கொட்டுகிற இடத்துக்கு எச்சில் தொட்டி என்று பெயர் வைத்தவர் நம்மவரேதான்.

இந்தப் பெயர்களெல்லாம் வேலை செய்கிறவர்களுக்குள்ளேயே இருந்தவரை ஒரு வம்பும் இல்லை. புதிதாக ஒரு என்ஜினியர் வந்தார். வந்த வாரமே ஒரு நாள் முற்பகலில் போன் செய்து, "என்னய்யா பண்ணிக்கிட்டிருக்கே?" என்று கேட்டார். "பல்லு தேய்ச்சுக்கிட்டிருக்கேன் சார்" என்றார் நம்மவர், ரொம்பப் பணிவாக. என்ஜினியர் மேலும் கீழும் குதித்துவிட்டார். "உச்சி வெயில் ஏறப்போகுது, இப்பத்தான் பல்லு தேய்க்கிறியா? எப்பய்யா வேலைக்கு வருவே?" நம்மவருக்கு ஒன்றும் புரியவில்லை. "வேலைக்கு வந்துதானே சார் தேய்க்கிறேன்" என்றார். அதற்கும் திட்டு விழுந்தது. விஷயம் விளங்கியதும் என்ஜினியரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அன்றைக்கே பல் டாக்டர் என்று பட்டம் கொடுத்துவிட்டார். பட்டம் நீரேற்று நிலையத்திலிருந்து டீக்கடைக்கு வந்து, டீக்கடையிலிருந்து தெருவுக்கு வந்து, கடைசியில் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. படிக்காமல் கிடைத்த டாக்டர் பட்டம் யாருக்குத்தான் கசக்கும்?

அவர் இந்த வேலைக்கு வந்ததே வாய்க்கால் கூப்பிட்டுத்தான். வாலிபத்தில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெருமழையில் வேரோடு ஒரு மரம் வந்து பட்டைகளில் குறுக்கே விழுந்து அடைத்துக்கொண்டது. ஊரில் குழாய்கள் எல்லாம் வெறும் காற்றை ஊதின. கை இருக்கிறவன் எல்லாம் வாங்கப்பா என்று ஆள் திரட்டினார்கள். இவரும் போனார். மற்றவர்கள் மரத்தை இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள், இவர் மட்டும் போகவில்லை. தண்ணீர் திறந்துகொண்டு பட்டைகளுக்கு நடுவே சீறிப் பாய்ந்ததைப் பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டார். அந்தப் பார்வையைப் பார்த்த மேஸ்திரி மறுநாளே நீண்ட கம்பில் பொருத்திய வாரி ஒன்றைக் கையில் கொடுத்தார். பல வருஷம் அந்த வாரியால்தான் இழுத்தார். தோள்கள் கதவு அகலத்துக்கு வந்துவிட்டன. பிறகு இயந்திரம் வந்தது. கை வேலை போச்சே என்று வருத்தப்பட்டிருப்பாரோ என்று நினைக்காதீர்கள். முதல் நாள் முழுக்க அதற்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பிரஷ் ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் "சபாஷ்" சொல்லிக்கொண்டிருந்தார்.

வாய்க்காலில் வருவதை வைத்தே அவர் ஊரின் குணத்தைச் சொல்லிவிடுவார். பரீட்சை முடிந்தால் பேனாக்கள் வரும். எங்காவது காதல் முறிந்தால் கரடிப் பொம்மை வரும். வீடு மாற்றுகிற காலத்தில் தலையணை வரும். ஒரு தடவை சுவர்க் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டே வந்து சேர்ந்தது, நேரம்கூடச் சரியாக இருந்தது. பந்துகளைக் கழுவிக் காயவைத்து ஒரு கூடையில் வைத்திருப்பார், குழந்தைகள் வந்து வாங்கிக்கொண்டு போகும். அவருக்கு விடை தெரியாத கேள்வி ஒன்றே ஒன்றுதான். வருகிற செருப்பெல்லாம் ஏன் இடது கால் செருப்பாகவே வருகிறது? ஷெட் சுவரில் ஆணி அடித்து வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார். எல்லாம் இடது. வலது கால் செருப்பு ஒன்றாவது வராதா என்று அவர் காத்துக்கொண்டிருப்பது நிலையம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அப்பா பல், மகள் கண். "காது மூக்குக்கு மட்டும் ஒரு ஆள் கிடைச்சா நம்ம வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிடலாம்" என்பாள் டாக்டரம்மா. அந்தக் கடையில் கண் பரிசோதனை செய்கிற பையன் ஒருவன் இருந்தான். எழுத்து தெரிகிறதா, தெரிகிறதா என்று ஊரெல்லாம் கேட்பவனுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் தெரிய வெகுநாள் ஆயிற்று. தெரிந்த பிறகு இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்து, ஒரு சாயங்காலம் மகள் வீட்டில் சொன்னாள். டாக்டருக்கு அந்தப் பையனைத் தெரியும். நல்ல பையன். கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. அது ஒரு குற்றமா என்ன, கல்யாணத்துக்குப் பிறகு எல்லாரும் அப்படித்தானே என்று சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பையன் யாருக்குப் பயப்பட்டான் என்றால், அவனைப் பெற்றவருக்கு. அவர் ஓய்வுபெற்ற பஸ் டிக்கெட் செக்கர். ஊரில் அவரைச் "செல்லாது" என்று சொன்னால்தான் தெரியும். நீட்டிய டிக்கெட்டை வாங்கி, ஒரு புரட்டுப் புரட்டி, உதட்டை அதிகம் பிரிக்காமல் "செல்லாது" என்பார். அவ்வளவுதான், இறங்கிவிட வேண்டியதுதான். அவரிடம் பல்லின் மேல் நாக்கைப் போட்டு ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. அவர் சிரித்துப் பார்த்தவரும் இல்லை.

ஒரு நாள் காலையில் அவரே போன் செய்தார்.

"ஹலோ, பல் டாக்டர் வீடுங்களா?"

"ஆமாங்க, பல் டாக்டர்தான் பேசறேன்."

"நான் பையனோட அப்பா."

"அடடா! சொல்லுங்க, சொல்லுங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம். உங்க வேலையெல்லாம் எப்படிப் போகுது? கூட்டம் நிறைய வருதா?"

நம்மவருக்குக் கூட்டம் கூட்டமாக வருவது என்றால் குப்பைதான். "மழைக்காலத்துல கேக்கவே வேணாங்க. ஒரு நாளைக்கு ஒரு லாரி வெளியே எடுப்போம்."

மறுமுனையில் குரல் ஏறியது. "லாரியா?"

"சின்ன லாரிதான்."

"எடுக்கறப்போ ரொம்பக் கஷ்டமா இருக்குமோ?"

"முன்னாடி கஷ்டம்தாங்க. கொக்கி போட்டுக் கையாலயே இழுப்பேன். சிலது லேசுல வராது. காலை ஊனிக்கிட்டு ரெண்டு பேரா இழுத்தாத்தான் வரும். இப்போ மெஷின் வந்துடுச்சு. சுவிட்சைத் தட்டினா அதுவே சுரண்டி எடுத்துடுது."

"ரத்தம் வருமா?"

"ஆரம்பத்துல கையெல்லாம் ரத்தம்தான். அப்புறம் பழகிடுச்சு."

"சரி, அடியில படிஞ்சு கெட்டியாயிட்டா?"

"அதுதாங்க முக்கியமே!" டாக்டர் உற்சாகத்தில் எழுந்தே நின்றுவிட்டார். "மேலாகப் பாத்தா பளிச்சுனு இருக்கும். அடியில பாத்தா முழங்கால் உயரம் சேந்திருக்கும். அப்பப்போ பம்பு வச்சு உறிஞ்சி எடுத்துடணும். விட்டோம்னா நாத்தம் தாங்காது."

"ரொம்பச் சரியாச் சொன்னீங்க டாக்டர்." செக்கரின் குரல் தாழ்ந்தது. "எனக்கும் ஒரு விஷயம் உங்ககிட்ட காட்ட வேண்டியிருக்கு. நேர்ல வந்து பேசிக்கறேன். நமக்குள்ளேயே இருக்கட்டும்."

"எதுவா இருந்தாலும் கொண்டுவாங்க, பாத்துடலாம்" என்று சொல்லி வைத்த டாக்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இத்தனை வருஷத்துல என் வேலையைப் பத்தி இவ்வளவு அக்கறையா ஒருத்தரும் கேட்டதில்ல. தங்கமான மனுஷன். இவரைப் போய்ச் சிடுமூஞ்சிங்கறாங்களே" என்று மனைவியிடம் சொன்னார். அவளும் சந்தோஷப்பட்டு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் வேலையிலிருந்து வந்த மகளின் முகத்தில் ரத்தமே இல்லை. கைப்பையை வைத்த இடம் தெரியாமல் வைத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அவங்க அப்பா உங்களை நிஜ டாக்டர்னு நினைச்சுக்கிட்டிருக்காராம்."

"எந்த நிஜ டாக்டர்?"

"மனுஷங்களுக்குப் பல்லு புடுங்கற டாக்டர்! எங்க போனாலும் 'என் சம்பந்தி டாக்டர்'னு சொல்லிக்கிட்டு இருக்காராம். இவன் அவர்கிட்ட 'பொண்ணோட அப்பாவை எல்லாரும் பல் டாக்டர்னு கூப்பிடுவாங்க, ஆனா'ன்னு ஆரம்பிச்சானாம். அந்த 'ஆனா' காதுல விழறதுக்குள்ள அவர் எழுந்து போய் அவங்க அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாராம். வீட்ல முதல் தடவையா அவர் முகம் மலர்ந்து பாத்ததும் இவனுக்கு மேல சொல்ல வாய் வரலையாம்."

டாக்டருக்கு லாரியும் ரத்தமும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. மனைவி சிரிக்கத் தொடங்கி, மகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"சிரிக்காதம்மா. அவர் எதை வேணும்னாலும் பொறுத்துக்குவாராம், பொய்யை மட்டும் பொறுக்க மாட்டாராம். டிக்கெட் எடுக்கலைன்னு சொந்தத் தம்பியையே பாதி வழியில இறக்கிவிட்டவரு. இப்போ போன்ல வேற அப்பாவே ஆமாம் ஆமாம்னு சொல்லியிருக்கார். நாம சேந்து ஏமாத்தறோம்னுதானே நினைப்பார்?" அவள் குரல் உடைந்தது. "இது நடக்கலைன்னா எனக்கு வேற யாரும் வேண்டாம்பா."

டாக்டருக்கு மகள் அழுதால் தாங்காது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் உறுத்தியது. அதையும் கேட்டுவிட்டார். "என் வேலை என்னம்மா, வெளியே சொல்லக் கூசற வேலையா?"

"ஐயோ, அவனுக்குக் கூச்சமெல்லாம் இல்லப்பா. பயம்."

"அப்போ சரி. பயத்துக்கு வழி இருக்கு."

அவர் கண்டுபிடித்த வழி இதுதான். வீட்டுக்கு வரச் சொன்னால் டீ, பிஸ்கட், குசலம் என்று பேச்சு எங்கேயோ போய்விடும், உண்மை சொல்ல நேரமே அமையாது. வேலை செய்யும் இடத்துக்கே வரச் சொல்லிவிட்டால்? கண்ணால் பார்த்த பிறகு விளக்கம் எதற்கு? "ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி. அங்கேயே வந்துடுங்களேன், எல்லாத்தையும் காட்டறேன்" என்று செக்கருக்குப் போன் செய்தார். "அதுவும் நல்லதுதான், கருவியெல்லாம் அங்கதானே இருக்கும்" என்றார் செக்கர். டாக்டர் எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நீரேற்று நிலையம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. டாக்டர் கைப்பிடிக் கம்பிகளைத் துடைத்து, பிரஷ்ஷின் சங்கிலிக்குக் கிரீஸ் போட்டு, செருப்பு வரிசையை மட்டும் ஒரு சாக்கால் மறைத்து வைத்திருந்தார். டாக்டரம்மா பிளாஸ்க்கில் டீயும் ஒரு டப்பா பிஸ்கட்டும் கொண்டுவந்திருந்தாள். மகள் வாசல் கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

செக்கர் இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக வந்து இறங்கினார். பின்னால் அவர் மனைவி. அதற்கும் பின்னால் பையன், பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவனைப் போல. செக்கர் சுற்றிலும் பார்த்தார். பம்புகளின் இரைச்சல், ஈர மணல் குவியல், வாய்க்கால்.

"கிளினிக் உள்ள இருக்கோ?"

"வாங்க, காட்டறேன்" என்றார் டாக்டர். ராத்திரியெல்லாம் உருப்போட்ட வாக்கியங்கள் அந்த முகத்தைப் பார்த்ததும் பறந்துவிட்டன. எல்லாரையும் பட்டைகளுக்குச் சற்று முன்னால், வாய்க்காலின் மேல் போட்டிருக்கும் நடைபாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், வேறு வழி தெரியாமல் சுவிட்சைத் தட்டினார். பிரஷ் கடகடவென்று இறங்கி, பாசியும் இலையும் ஒரு கையில்லாத பொம்மையுமாக வாரிக்கொண்டு சொட்டச் சொட்ட மேலே வந்தது.

"இதுதாங்க என் வேலை. இந்தப் பட்டையைத்தான் இங்க பல்லுன்னு சொல்வோம். இதைச் சுத்தம் பண்றதாலதான் எனக்குப் பல் டாக்டர்னு பேரு. வேற எந்தப் பல்லைப் பத்தியும் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

செக்கர் பட்டைகளைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பி மகனைப் பார்த்தார்.

"அப்பா, நான் அன்னைக்கே சொல்லணும்னுதான்..."

செக்கரின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வேலையில் இருந்த காலத்திலும் அவ்வளவு பெரிதாக வாயைத் திறந்திருக்க மாட்டார்.

"செல்லா..."

"து" வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. இளஞ்சிவப்பாக ஏதோ அவர் வாயிலிருந்து பாய்ந்து, வெயிலில் ஒரு மின்னு மின்னி, கம்பியைத் தாண்டி வாய்க்காலில் "ப்ளக்" என்று விழுந்தது.

செக்கர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு பம்புக் கட்டடத்தின் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மேல் பல் முழுக்கச் செட் என்பது அவளைத் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியாது. பெற்ற பிள்ளைக்கே தெரியாமல் எப்படித்தான் காப்பாற்றினாரோ! செட் கொஞ்ச நாளாகத் தளர்ந்துபோயிருந்தது. மெயின் ரோட்டு டாக்டரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். சம்பந்தியே டாக்டர் என்றால் வீட்டோடு முடிந்துவிடும் என்று அவர் போட்ட கணக்கு அப்படியே தண்ணீரில் போய்விட்டது.

தண்ணீரில் விழுவதைப் பார்த்தே பழகிய டாக்டரின் கண் அதைத் தவறவிடவில்லை. போனில் கேட்டதற்கெல்லாம் அர்த்தம் அந்த நொடியில் விளங்கிவிட்டது. கோபம் என்று வந்திருந்தால் அப்போது வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுவரைப் பார்த்து நின்ற அந்த முதுகைப் பார்த்ததும் அவருக்குப் பாவமாகத்தான் இருந்தது. யாரும் வாய் திறப்பதற்குள் உரக்கச் சொன்னார்.

"சம்பந்தியோட மூக்குக் கண்ணாடி விழுந்துடுச்சு போலிருக்கு! ஒண்ணும் கவலைப்படாதீங்க, எடுத்துடலாம்."

மூக்குக் கண்ணாடி செக்கரின் மூக்கின் மேலேயே பத்திரமாக இருந்தது. கண்ணாடிக் கடைக்காரர்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், "ஆமா, கண்ணாடிதான்" என்றார்கள்.

"பாசி அடர்த்தியா நிக்குது. பல்லுலதான் சிக்கியிருக்கும்" என்று டாக்டர் அடித்துச் சொன்னார். பிரஷ்ஷை நிறுத்தி நிதானமாக ஓட்டினார். பிரஷ் வாரிக் கொட்டியதையெல்லாம் மேடையில் பரப்பி எல்லாரும் உட்கார்ந்து கிளறினார்கள். ஒரு பந்து, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு இடது கால் செருப்பு. கண்ணாடி என்று பெயர் சூட்டப்பட்ட பொருள் மட்டும் இல்லை. டாக்டருக்கு வெட்கமாகிவிட்டது. சம்பந்தி முன்னால் போட்ட முதல் சவடாலே பல்லிளித்துவிட்டதே!

"கனமான பொருளுங்க" என்று, கிளறிக்கொண்டிருந்த கொக்கிக் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு, செக்கரின் காதோரம் போய்த் தணிந்த குரலில் சொன்னார். "சந்துல புகுந்து தொட்டிக்குப் போயிருக்கும். அங்க ஓட்டம் கம்மி, அடியில உக்காந்திருக்கும். மண்ணை வெளியே எடுத்து அலசிப் பாத்துடலாம். அதுவரைக்கும் வாயைக் கைக்குட்டையால மூடிக்குங்க, தூசுன்னு நினைச்சுக்குவாங்க."

செக்கர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

சுரண்டி ஓடியது. பம்பு இருமி இருமி மணலை எச்சில் தொட்டியில் கொட்டியது. டாக்டர் சல்லடைகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுத்தார். குழாயைத் திறந்துவிட்டு மணலை அள்ளிப் போட்டு அலசத் தொடங்கினார்கள். செக்கர் முதலில் ஷூ நனையாமல் ஒதுங்கி நின்றார். கொஞ்ச நேரத்தில் ஷூவைக் கழற்றினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு டாக்டருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். காலமெல்லாம் கூட்டத்தில் ஒரு ஆளைத் தேடிப் பிடித்தவருக்குச் சல்லடையில் தேடுவது ரத்தத்தில் இருந்தது. ஒரு கூழாங்கல்கூட அவர் பார்வையிலிருந்து தப்பவில்லை.

திடீரென்று அவர் கை நின்றது. சல்லடையில் மணலுக்கு நடுவே ஒரு வரிசைப் பல் இளித்துக்கொண்டு கிடந்தது.

"கிடைச்சாச்சா?" டாக்டர் எட்டிப் பார்த்தார்.

செக்கர் அதை எடுத்து, டிக்கெட்டைப் புரட்டுவது போல ஒரு புரட்டுப் புரட்டினார். கைக்குட்டையை மறந்துவிட்டார். "இது நம்மளுது இல்ல. இது கீழ்ப் பல்லு."

"அப்போ இது யாரோடது?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஊருல இன்னொருத்தன் இருக்கான் போல!"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செக்கரின் தொண்டையிலிருந்து விநோதமாக ஒரு சத்தம் வந்தது. இருமலோ என்று அவர் மனைவி பயந்துபோய் ஓடிவந்தாள். இருமல் இல்லை. சிரிப்பு. மேல் பல் இல்லாத வாயை மறைக்காமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டரும் சேர்ந்துகொண்டார். "சிரிச்சா செட் நழுவிடும்னு பயந்து எத்தனை வருஷமா இந்த மனுஷன் உதட்டைக் கடிச்சுக்கிட்டே இருந்தார் தெரியுமா?" என்று டாக்டரம்மாவிடம் சொன்ன அந்த அம்மாளுக்கும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒளித்து வைக்க எதுவும் மிச்சமில்லாத சந்தோஷம் அது.

"அப்பா, இங்க பாருங்க!" என்று பையன் கத்தினான். எல்லாரும் ஓடினார்கள். அவன் தூக்கிப் பிடித்திருந்தது, பல் சந்தில் நழுவி வந்திருந்த ஒரு சின்னச் செருப்பு. டாக்டர் அதைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார்.

"வலது காலு! அடியே, வலது காலு செருப்புடி!" என்று மனைவியிடம் காட்டிக் குதித்தார். பல்லைத் தேடுவதே அவருக்கு மறந்துபோயிற்று.

கடைசியில் கண்டெடுத்தது மகள்தான். அவள் சத்தம் போடவில்லை. குழாயடியில் நன்றாகக் கழுவினாள். மூக்குக் கண்ணாடி துடைக்கிற மெத்தென்ற துணி எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். அதில் சுற்றி எடுத்துக்கொண்டு செக்கரிடம் போய், இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"உங்க கண்ணாடி, மாமா."

சிரிப்பெல்லாம் நின்றது. டாக்டர் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். செக்கர் துணியைப் பிரித்துப் பார்த்தார். மூக்கின் மேலிருந்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார். துணியை மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாரே தவிர, செட்டை எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை.

அப்படியே மகன் பக்கம் திரும்பினார். "டிக்கெட் இல்லாம ஏறினது நீ. ரெண்டு வார்த்தை சொல்ல வாயில்லாம இவங்க எல்லாரையும் பொய்க்காரங்களா ஆக்கப் பாத்தே. அபராதம் உண்டு. மிச்சம் இருக்கற மணல் பூராவும் நீயே அலசு. அந்தக் கீழ்ப் பல்லுக்காரனுக்கு மேல் பல்லும் இருக்கானு பாரு."

பையன் மறுபேச்சில்லாமல் சல்லடையைத் தூக்கினான்.

பிறகு செக்கர் டாக்டருக்கு எதிரே வந்து நின்றார். டாக்டர் வலது கால் செருப்பை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். "நான் பொய் சொல்லணும்னு நினைக்கலீங்க" என்றார்.

"நீங்க எங்க பொய் சொன்னீங்க? பல்லை எடுக்கறவர்னு சொன்னாங்க. எடுத்துக் குடுத்தீங்க. என் பையன்கூடப் பாக்காததைப் பாத்துட்டு, கண்ணாடின்னு வேற சொன்னீங்க."

மகளின் கை அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தது. செக்கர், பாதியில் விட்ட தீர்ப்பை முடிக்கிறவர் போல் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு இருக்கிற ஈறெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ஷெல்லும்" என்றார்.